ஆயிரத்து இருநூற்று எழுபத்தேழு ஒன்றுகள்

இரண்டுகளை வரிசையாய் வைத்துப் பெருக்கு,
ஆயிரத்து இருநூற்று எழுபத்தேழு இரண்டுகள்.
வந்ததில் ஒன்றைக் கழி.
இருநூற்று அறுபது என்று தொடங்கும், எழுபத்தொன்றில் முடியும்,
நடுவில் முந்நூற்று எண்பது இலக்கம்.
கணினியின் மொழியில் எழுதினால் பூஜ்யமே கிடையாது:
ஒன்று, ஒன்று, ஒன்று,
பனிச்சாலை ஓரத்தில் நட்டுவைத்த அடையாளக் குச்சிகள்.

இவாலோவில், பனி அள்ளும் வண்டிகளின் கொட்டகை.
இரவுப் பணியில் ஹில்க்கா.
ரேடியோ, வரைபடம், அவள் காலடியில்
கணக்கர் அறை கழித்துப்போட்ட கணினி.
நாலு வருஷமாய் இந்த ஒரே எண்ணை உடைக்கிறது.
உடைக்கப் பார்க்கிறது, என்று அவள் திருத்துவாள்.

பகு எண் என்பதில் சந்தேகமில்லை.
நான்கில் தொடங்கு. வர்க்கமாக்கு. இரண்டைக் கழி.
அந்த எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்.
இப்படி ஆயிரத்து இருநூற்று எழுபத்தைந்து முறை.
பகா எண்ணாயிருந்தால் கடைசியில் பூஜ்யம் வர வேண்டும்.
வரவில்லை.
எதனால் வகுபடும் என்று கேட்டால்
அந்த மீதி வாய் திறக்காது.

நாலாம் எண் வண்டிக்காரன் ஏஸ்கோ
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிக் காப்பி ஊற்றினான்.
‘உடையும் என்கிறாய். எங்கே என்று தெரியாது என்கிறாய்.
என் பெண்டாட்டியும் இதைத்தான் சொன்னாள்.
ஏதோ சரியில்லை ஏஸ்கோ, என்னவென்று கேட்காதே.’
அக்டோபரில் அவள் ரோவனியேமிக்குப் போய்விட்டாள்.

ஹில்க்காவுக்கு ஆறுதல் சொல்ல வராது.
காரணிகளின் சாடையைச் சொன்னாள்:
ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்தால்
இரண்டாயிரத்து ஐந்நூற்று ஐம்பத்து நாலால் மிச்சமில்லாமல் வகுபடும்.
பேர் தெரியாது, நடை தெரியும்.
இரண்டு பேரோ, ஐந்து பேரோ. எல்லோரிலும் சின்னவன்
நூற்றுத் தொண்ணூற்று மூன்று இலக்கத்தைத் தாண்ட மாட்டான்.
‘நல்லவேளை,’ என்றான் ஏஸ்கோ.

கணினி கண்ணை மூடிக்கொண்டு ஒரு வளைவரையைப் பிடிக்கும்,
அதன்மேல் ஒரு புள்ளியைக் குதிக்கவிடும்,
கால் இடறினால் அங்கே ஒரு காரணி.
இடறாது. அடுத்த வளைவரை.

டிசம்பர் முதல் வாரமே சூரியன் போயாயிற்று.
பகல் என்ற சொல்லுக்குள் பகு இருப்பது எனக்குத் தெரியும்,
அவள் மொழியில் அப்படி இல்லை.
ஆனால் வகுக்க ஆளில்லாத இருட்டு
ஐந்து வாரம் ஒரே பாளமாய்க் கிடப்பதை
அவள்தான் பார்த்தாள், நான் அல்ல.

ஜனவரி ஆறு, பின்னிரவு இரண்டே முக்கால்.
விளக்கு அணைந்தது. ரேடியோ பேட்டரியில் பிழைத்திருந்தது.
‘நாலாம் வண்டி. கம்பத்தில் முட்டிவிட்டேன்.
எனக்கு ஒன்றுமில்லை. கம்பம் இரண்டு.’
இரைச்சல்.
‘எங்கே என்று கேளேன்.’
‘எங்கே?’
‘தரையிலிருந்து ஒரு மீட்டர் பத்து சென்டிமீட்டர். அளந்துவிட்டேன்.’
இருட்டில் அவள் சத்தமாகச் சிரித்தாள்.

பிறகு பாதங்கள் சில்லிட்டன.
மேசைக்கடியில் விசிறி நின்றிருந்தது.
நாலு குளிர்காலமாய்த் தன் காலைக் காய்ந்தது
சுவர் ஹீட்டரில் அல்ல, அந்த எண்ணில் என்று
அப்போதுதான் பிடிபட்டது.

ஏழு மணிக்கு மின்சாரம் வந்தது.
பாதியில் அறுந்த வளைவரை போனது போனதுதான்.
புதிதாய் ஒன்று.

பத்தாம் தேதி நண்பகலில் பைன் மரங்களுக்கு மேல்
ஒரு சிவப்புக் கீற்று, கால் மணி நேரம்.
தூங்க வேண்டிய நேரத்தில் அவள் வாகன நிறுத்தத்தில் நின்று,
செருப்புக்குள் பனி புகுந்தும்,
முழுதும் பார்த்துவிட்டுப் போனாள்.

அன்றிரவு, இனாரி சாலையிலிருந்து:
‘ஏதாவது கிடைத்ததா?’
‘இல்லை.’
வைப்பரின் சத்தம். கொஞ்சம் தள்ளி,
‘மீதி?’
‘இருக்கிறது.’